இருபது என்று ஆட்டிய தலை

ரத்தினபாய் வாயைத் திறந்து பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது. தலையைத்தான் ஆட்டினாள். ஆனால் அந்த ஒரு ஆட்டத்தால் என்னென்ன ஆகிப்போனது என்று கேட்டால், வாயால் சொன்ன பொய்யே தேவலை என்று தோன்றும்.

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் வில்பிரட் சார் வீடு. ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி ஹெப்சிபாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்து, பேச்சும் போய்விட்டது. இப்படி முடியாமல் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்புவதுதான் ரத்தினபாயின் தொழில். காலையில் வந்து ராத்திரிச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி பிளஸ்ஸி என்கிற பெண்ணை அங்கே விட்டிருந்தாள். மாதம் இருபத்தாறாயிரம் பேச்சு. சார் பணத்தை உறையில் போட்டு ரத்தினபாய் கையில் கொடுப்பார். அவள் அதை எண்ண மாட்டாள், அவர் ரசீது கேட்க மாட்டார். ஒரே சபை, ஒரே பெஞ்சு வரிசை. அப்படி ஒரு நம்பிக்கை.

முதல் மாதப் பணம் வாங்கப் போனபோது சார் டீ போட்டுக் கொடுத்தார். பிளஸ்ஸியைப் பற்றி ரொம்ப நல்லபடியாகப் பேசினார். அம்மாவுக்குத் தலை வாரி விடுகிறாளாம், கையைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறாளாம், பாட்டுக்கு ஹெப்சிபா உதட்டை அசைக்கிறாளாம். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“அந்தப் பிள்ளை கைக்கு ஒரு இருபதாவது போகுதா, ரத்தினம்?”

போகவில்லை. பதினாலு போனது. ரத்தினபாய் டீயை ஒரு வாய் குடித்தாள். டம்ளருக்கு மேலே தலை ஆடியது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், டீ நன்றாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். சார் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

ரத்தினபாய் யார் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாம்பரம் வந்தவள். புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டினவர், மேடவாக்கம் ரோட்டில் ஒரு மழை நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். குரோம்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்தாள். பிறகு ஒரு ஏஜென்ட் சொல்லி ராஜகீழ்ப்பாக்கத்தில் லோகநாயகி அம்மா வீட்டுக்கு, அவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்று அந்த ஏஜென்ட் முதல் நாளே கண்டிஷன் போட்டிருந்தான். இவளும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் குளிப்பாட்டும்போது தண்ணீர் கொஞ்சம் சூடாகிவிட்டது. லோகநாயகி அம்மா கோபத்தில், “உனக்காகப் பதினெட்டாயிரம் கொட்டிக் குடுக்கிறேன், ஒரு பக்கெட் தண்ணி பதமா வைக்கத் தெரியல” என்றார். ரத்தினபாய் வாங்கிக்கொண்டிருந்தது எட்டு. அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சூடு பட்டது அந்த அம்மாவுக்கு, வெந்தது இவளுக்கு.

அந்த வேகத்தில்தான் வெளியே வந்து, தெரிந்த பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு தானே ஆள் அனுப்ப ஆரம்பித்தாள். நியாயமாக நடத்தினாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவளும் ஒரு கண்டிஷன் போட்டாள். அதே கண்டிஷன். சம்பளத்தைப் போகிற வீட்டில் சொல்லக் கூடாது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாடம்பாக்கத்தில் ஷ்யாம்சுந்தர் என்று ஒருவர், பெரிய கம்பெனியில் வேலை. அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள இவள் விட்ட பெண்ணிடம் பக்குவமாகப் பேசி, சம்பளம் எவ்வளவு என்று கறந்துவிட்டார். மறுநாளே ரத்தினபாய்க்குப் போன் போட்டு ஆள் வேண்டாம் என்றார். அந்தப் பெண்ணை ரெண்டாயிரம் கூடப் போட்டு நேரடியாக வைத்துக்கொண்டார். சில மாதத்தில் அவர் அம்மா காலமாகிவிட்டார். காரியம் முடிந்த கையோடு பெண்ணையும் அனுப்பிவிட்டார். அடுத்த வீடு பார்த்துக் கொடுக்க ஆள் இல்லாமல், அந்தப் பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரத்தினபாய் வாசலில்தான் வந்து நின்றது. அதனால் கூலியைச் சொல்லாமல் இருப்பதே திருட்டு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்டவனிடம் சொல்ல மாட்டேன் என்று சொல்வது ஒன்று, இருபது என்று தலையாட்டுவது வேறு. ரத்தினபாய்க்கும் இது தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள்.

இனி பிளஸ்ஸி. பொத்தேரியில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையல்கட்டில் அவள் அம்மா பாத்திரம் கழுவுகிறாள். இவள் நர்ஸிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்து, பீஸ் கட்ட முடியாமல் பாதியில் நின்றவள். எலெக்ட்ரிக் டிரெயினில் வந்து சானடோரியத்தில் இறங்கி வேலைக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிபாவை வீல்சேரில் உட்கார வைத்துச் சபைக்குத் தள்ளிக்கொண்டு வருவதும் அவள்தான். அப்படியே அவளும் அந்தச் சபைப் பிள்ளை ஆகிவிட்டாள்.

சம்பளம் கைக்கு வந்த அன்று பிளஸ்ஸி ரத்தினபாயிடம் ஒரு சந்தோஷம் சொன்னாள்.

“அக்கா, எனக்கு வேலை கெடைச்சா மொத சம்பளத்துல தசமபாகம் போடுறேன்னு எங்கம்மா நேர்ந்துகினு இருந்துச்சு. இந்த ஞாயித்துக்கெழமை கவர் போடப் போறேன். பேரு படிக்கிறதைக் கேக்கணும்னு அம்மாவும் லீவு சொல்லிட்டு வருது.”

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்தோத்திரக் காணிக்கை கவரில் பெயரும் காரணமும் தொகையும் எழுதிப் போட்டால், ஆராதனை முடிவதற்கு முன்னால் சபைச் செயலர் ஐசக் ஒவ்வொன்றாக வாசிப்பார். இன்னாருடைய மகன் பிறந்தநாளுக்கு இவ்வளவு, இன்னார் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு இவ்வளவு என்று. தசமபாகம் என்றால் பத்தில் ஒரு பங்கு. பிளஸ்ஸி பெயரைச் சொல்லி ஆயிரத்து நானூறு என்று வாசித்தால், ஒரு சைபரைச் சேர்த்துக்கொள்ள ஹெட்மாஸ்டராக இருக்க வேண்டியதில்லை.

ரத்தினபாய் நல்ல புத்தி சொல்கிற குரலில் சொன்னாள். காணிக்கை போடுகிறதைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது பிளஸ்ஸி, பெயர் எழுதாமல் போடு, அதுதான் ஆண்டவருக்குப் பிரியம் என்று. கடவுள் பெயரைச் சொல்லித் தன் காரியத்தை மூடுகிறோம் என்பது, சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. உறைத்தும் நிறுத்தவில்லை.

பிளஸ்ஸி பணத்தை மடித்துப் பையில் வைத்தாள். “அம்மா ஆசைப்பட்டுச்சு. பரவால்லக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிளஸ்ஸியின் அம்மா வந்திருந்தாள். கஞ்சி மொடமொடப்போடு கத்திரிப்பூ நிறப் புடவை, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. ஐசக் வாசிக்க ஆரம்பித்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வரிசையாகப் பெயர்கள் வந்தன. நடுவில் ஐசக், “பெயர் தெரிவிக்க விரும்பாத சகோதரி, முதல் சம்பளத்தின் தசமபாகம், ரூபாய் ஆயிரத்து நானூறு” என்று வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். பெயருக்கே காதைத் தீட்டி வைத்திருந்த அந்த அம்மாவுக்கு அது தன் மகள் என்று பிடிபடவே இல்லை. கடைசிக் கவர் வரைக்கும் காத்திருந்து, திரும்பி மகளைப் பார்த்தாள். பிளஸ்ஸி குனிந்து ஹெப்சிபாவின் மடியில் சால்வையைச் சரி பண்ணினாள். பின்வரிசையில் இருந்த ரத்தினபாய் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். எந்தப் பாட்டு என்று அவளுக்கே தெரியாது.

அதோடு போயிருந்தால் அது ஒரு தாயின் ஏமாற்றம், அவ்வளவுதான். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வில்பிரட் சார் வீல்சேருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்ட காணிக்கையைப் பற்றி நெகிழ்ந்துபோய்ப் பேசினார். யாரோ பதினாலாயிரம் சம்பாதிக்கிற பிள்ளை, அதிலும் ஆண்டவருக்கு எடுத்து வைத்திருக்கிறது பார் என்றார். சார் நல்லவர். ஆனால் வாத்தியார் வேலையிலிருந்து அவர் ரிட்டயர் ஆனாரே தவிர, வாத்தியார் அவரைவிட்டு ரிட்டயர் ஆகவில்லை. பிளஸ்ஸியைப் பார்த்துத் திரும்பினார்.

“உனக்கும் முதல் சம்பளம் வந்துச்சேம்மா. இருபதாயிரம் கையில வாங்கியிருக்கே. ஒரு கவர் போடணும்னு தோணலையா?”

கடிந்தெல்லாம் சொல்லவில்லை. தாத்தா பேத்தியிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிளஸ்ஸியின் அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். காணிக்கை அவள் காதில் விழவில்லை, இருபதாயிரம் விழுந்தது. மகள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தது பதினாலு.

பிளஸ்ஸி ரத்தினபாயைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. ரத்தினபாய் குனிந்து வீல்சேர் பிரேக்கைப் போட்டாள். அது ஏற்கெனவே போட்டிருந்தது.

“அடுத்த மாசம் போடுறேன் சார்” என்றாள் பிளஸ்ஸி.

மறுநாள் பிளஸ்ஸி போனில் கூப்பிட்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. அம்மா பேசமாட்டேன் என்கிறாள், டிரெயினில்கூடத் தள்ளி உட்கார்ந்து வந்தாள், ராத்திரி என் பையைத் துழாவிப் பார்த்தாள் என்றாள். யாராவது பையனுக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டாளாம். பதினாலுதான் என்று சத்தியம் பண்ணியும் நம்பவில்லை, அவ்வளவு பெரிய சார் கோயில் வாசலில் நின்று பொய் சொல்வாரா என்கிறாள். “நீங்க ஒரு வார்த்தை எங்கம்மாகிட்ட சொல்லுங்கக்கா, போதும். சார்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களுக்குச் சங்கடம்” என்றாள்.

அதுதான் ரத்தினபாய்க்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், பதில் சொல்லத் தெரிந்தவள்தான். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு சின்னப் பெண் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறது. லோகநாயகி அம்மா வீட்டுக் குளியலறையில் தான் நின்ற மாதிரியே நிற்கிறது. அன்றைக்கு ஏஜென்டை என்னென்ன சாபம் விட்டாளோ, அத்தனையும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போது வீட்டு விலாசம் கண்டுபிடித்து வந்த மாதிரி இருந்தது.

அந்த அம்மாவுக்கு உடனே போன் போட்டாள். பதினாலுதான் கொடுக்கிறேன், உங்கள் மகள் ஒரு பைசா மறைக்கவில்லை என்று சொன்னாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா கேட்டாள்.

“அப்ப அந்த சாரு இன்னாத்துக்கு இருபதுன்னாரு?”

“அவருக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு.”

“யாரு சொல்லித் தெரிஞ்சிகினாரு?”

போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும். அந்த அம்மா, “என் பொண்ணு பையில கை வுட்டேன் நானு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. அன்று சாயங்காலமே சிட்லபாக்கம் போனாள். போகிற வழியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. சொன்னால் இந்த வீடு போகும். இந்த வீடு போனால் சார் பிளஸ்ஸியை நேரடியாக வைத்துக்கொள்வார். சபையில் இன்னும் ரெண்டு மூன்று வீடுகளில் ஆள் விட்டிருக்கிறாள், அவர்கள் காதுக்கும் போகும். ஏரிக்கரையில் வாக்கிங் போகிற சபைக்காரர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பதிலுக்குத் தலையாட்டவே பயமாக இருந்தது.

சார் டீ போட எழுந்தார். வேண்டாம் என்று உட்கார வைத்தாள்.

“சார், அன்னைக்கு இருபதான்னு கேட்டீங்க. நான் தலையாட்டினது பொய். பிளஸ்ஸிக்குப் பதினாலுதான் தர்றேன். நேத்துப் பேரில்லாம வாசிச்சாங்களே, அந்தக் கவர் அவ போட்டதுதான். நான்தான் பேரு எழுதாதேன்னேன்.”

உள்ளறையில் பிளஸ்ஸி பாடிக்கொண்டிருந்தது நின்றுபோனது.

சார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மீதி எங்கே போகிறது என்று கேட்டார். ரத்தினபாய் சொன்னாள். பிளஸ்ஸி லீவு எடுக்கிற நாளில் மாற்று ஆளுக்குக் கொடுப்பது, ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு கிடைக்கிறவரை சும்மா இருக்கிற பெண்களுக்குப் பாதிச் சம்பளம், கிறிஸ்துமஸுக்குத் துணி, யாருக்காவது உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி, திடீரென்று யாரும் வராவிட்டால் தானே ஆட்டோ பிடித்துப் போய் டயப்பர் மாற்றுவது. எல்லாம் போக அவள் கையில் நிற்பது இவ்வளவு என்று அதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியம். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லவா இத்தனை பயந்தோம்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ரத்தினம்.”

“பிளஸ்ஸியை நேரா வச்சுக்குவீங்களோன்னு பயம் சார்.”

“நான் அப்படிச் செய்வேன்னு நினைச்சியா?”

“செஞ்சவங்களும் நல்லவங்கதான் சார்.”

சார் சுவரைப் பார்த்தார். “இருக்கலாம். பென்ஷன்காரன்தானே, எனக்கும் தோணியிருக்கலாம்” என்றார். ரத்தினபாய்க்கு உயிர் வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

“உன் கணக்குல தப்பில்ல. தலையாட்டினதைக்கூட விடு. நான் அந்தப் பிள்ளையை அவ அம்மா முன்னாடி கேட்டேனே, அப்ப நீ பக்கத்துலதானே நின்னே.”

நின்றாள். பிரேக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

சார் பிளஸ்ஸியைக் கூப்பிட்டார். தெரியாமல் பேசிவிட்டேன் அம்மா, உன் தாயாரிடமும் சொல் என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். அவள், ஐயோ பரவாயில்லை சார், பாட்டிக்கு மாத்திரை நேரம் என்று உள்ளே போய்விட்டாள். ரத்தினபாய் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றா, கூச்சத்திலா, யாருக்குத் தெரியும்.

வேலையை சார் நிறுத்தவில்லை. பிளஸ்ஸியை நேரடியாக வைத்துக்கொள்ளவும் இல்லை. வாசல் வரை வந்து, “இனிமே ரசீது குடுத்துரும்மா. பிள்ளைக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவுன்னு தனித்தனியா” என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் கேட்ட முதல் ரசீது அது. ஏரிக்கரை முழுக்க அந்தத் தன்மைதான் அவளைக் குத்திக்கொண்டே வந்தது.

அந்த மாதத்திலிருந்து பிளஸ்ஸிக்குப் பதினாறாக்கினாள். தாராளம் என்று நினைக்க வேண்டாம், வெட்கம்தான். விஷயம் கசிந்து, சேலையூர் பக்கம் இதே தொழில் பண்ணுகிற ஒருத்தர் போன் போட்டு, ரேட்டை வெளியே விட்டு எங்கள் பிழைப்பிலும் மண்ணைப் போடுகிறாயே அக்கா என்று சண்டை பிடித்தார். அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் ரத்தினபாய் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

அடுத்த சம்பளம் கொடுக்கும்போது பிளஸ்ஸியிடம், “இந்தத் தடவை பேரை எழுதியே போடு. அம்மாவையும் கூட்டிட்டு வா” என்றாள். பிளஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேக்கா” என்றாள். தெரியட்டும் என்று சொல்லத்தான் நினைத்தாள். அதற்குப் பதிலாக, “கையெழுத்து தெளிவா இருக்கட்டும், ஐசக் அண்ணனுக்குக் கண்ணு சரியில்ல” என்றாள்.

ஐசக் தெளிவாகவே வாசித்தார். “சகோதரி பிளஸ்ஸி, சம்பளத்தின் தசமபாகம், ரூபாய் ஆயிரத்து அறுநூறு.” முன்வரிசையில் அதே கத்திரிப்பூப் புடவை, முதுகை நிமிர்த்திக்கொண்டது. அந்த அம்மா திரும்பி யாரையும் பார்க்கவில்லை, மகள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரத்தினபாய்க்குப் பின்னால் ரெண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சைபரைச் சேர்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் அவள் வழக்கமாகப் பக்கவாட்டு கேட் வழியாகப் போய்விடுவாள், பஸ் ஸ்டாப்புக்கு அது கிட்ட. அன்றைக்குப் போகவில்லை. வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், எல்லோரும் கடந்து போகிற வழியில் நின்றாள். வில்பிரட் சார் வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்தோத்திரம் என்றார், இவளும் சொன்னாள். முன்பெல்லாம் நின்று மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார். இப்போது சக்கரம் நிற்கவில்லை. ஹெப்சிபா மட்டும் நல்ல கையைக் கொஞ்சம் தூக்கினாள், ரத்தினபாய்க்கா, வெயிலுக்கா தெரியவில்லை.

அப்போதுதான் ஆஸ்டின் வந்தான். சிறுசேரியில் வேலை பார்க்கிற பையன், அவன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளவும் இவள்தான் ஆள் விட்டிருக்கிறாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று நின்றான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு இருபத்திரண்டு தர்றீங்கதானே?”

ரத்தினபாயின் கழுத்து பழக்கதோஷத்தில் லேசாக அசையப் பார்த்தது. புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள்.

“இல்லப்பா, பதினஞ்சு” என்றாள். “மீதியையும் சொல்றேன். அந்தப் படியில வந்து உக்காரு.”